பாண்டிமுருகன் சொல்ல நான் எழுதியது

அன்புள்ள சித்ரா,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? கேட்க ஆளில்லை என்று மாத்திரையை நிறுத்திவிடாதே. எல்லையில் சண்டை ஓயும்வரை போனுக்குத் தடை; கோபப்படாதே.

போன வாரம் ஆபரேஷன் கூடாரத்தில் நம்ம ஊர்ப் பேச்சு கேட்டது. ஆத்தங்குடிப் பையன், பாண்டிமுருகன். குண்டு பட்டு வந்தவன் பிழைத்துக்கொண்டான். வலது கையை மட்டும் நான் எடுக்க வேண்டியதாயிற்று.

மயக்கம் தெளிந்ததும், "அய்யா, நல்லாருக்கேன்னு ஆத்தாவுக்கு நாலு வரி எழுதுங்க. கை போனதை மட்டும் எழுதிராதீக. லீவுல வந்து நானே சொல்லிக்கிறேன்" என்றான். அவன் சொல்லச் சொல்ல எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் கையெழுத்து மருந்துக்கடைக்காரருக்கு மட்டும்தான் புரியும். அதனால் நீயே ஆத்தங்குடி போய் அவன் அம்மா அக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டு. அப்படியே எனக்குக் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. இங்கே எதைத் தின்றாலும் டெட்டால் வாசனைதான்.

ஒன்று, சித்ரா. இதுவரை மாதா மாதம் அவனே கைப்பட எழுதியிருக்கிறான். "இந்தத் தடவை ஏன் எம்மகன் எழுதலை?" என்று அந்த அம்மா கேட்பார். கையை எடுக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலை நாலு நாளாகத் தேடுகிறேன். தபால் வண்டி கிளம்பப் போகிறது. நீயே ஏதாவது சொல்லிவிடு.

உன்,
உதயகுமார்