பேர் இல்லாத நாள்

5.11.79, திங்கள்

அம்மா நன்றாகத்தான் இருந்தாள் என்று என் தங்கை வசந்தா பொய் சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

காலையிலிருந்து மழை. தேயிலைக் கொழுந்து நனைந்து கூடை கனம். பதினோரு மணிக்குத் திடீரென அழுகை. காரணம் ஒன்றும் இல்லை. பக்கத்து நிரையில் வசந்தா பாடிக்கொண்டே பறித்தாள். எனக்குத் தூக்கம் இல்லாமல் இது மூன்றாவது வாரம். அவள் படுத்தால் ஐந்து நிமிடம், தூக்கத்தில் வாய் திறந்துவிடும். எனக்கு இருபத்திரண்டு, அவளுக்கு இருபத்தொன்று. ஒரே வீடு, ஒரே பாய். பார்த்தாலே எரிகிறது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரிடம் போனேன். காய்ச்சலுக்குத் தரும் அதே வெள்ளை மாத்திரை. போனால் போகிறதென்று தானா ராத்தா பட்டணத்து டாக்டருக்கு ஒரு சீட்டு.

குழாயடியில் முனியம்மாக்கா, நான் பின்னால் நிற்பது தெரியாமல்: "மூத்தது அப்படியே அம்மாக்காரி. பாத்துக்கிட்டே இரு, இதையும் கீழே கொண்டு போவாங்க. சின்னதுக்கு ஒன்னும் ஆகாதுலா, அது கல்லு."

கீழே. மனநோய் ஆஸ்பத்திரி என்று சொல்ல இந்த லயத்து வீடுகளில் யாருக்கும் வாய் வராது. அம்மாவைக் கொண்டு போனபோது எனக்குப் பத்து வயது. கீழேயே செத்துப்போனாள்.

6.11, செவ்வாய்

வாங்க: சோப்பு, மண்ணெண்ணெய், தலைவலித் தைலம். வ.வுக்கு ரிப்பன் (அவளே வாங்கட்டும்).

8.11, வியாழன்

தானா ராத்தா. பஸ்ஸில் நின்றபடி. டாக்டர் ஈப்போக்காரர், சின்ன வயது, பள்ளிக்கூடத் தமிழ். முகத்தைப் பார்த்துப் பேசினார். அதுவே புதுசு.

அவர் சொன்னது: சிலருக்குப் பிறவியிலேயே மனம் மெல்லிசு. ஒரே அடி ஒருவருக்குத் தோலோடு போகும், இன்னொருவருக்கு உள்ளே இறங்கும். மேலே மேலே கஷ்டம் விழுந்தால் நோய் ஆகலாம். அம்மாவுக்கு வந்ததால் எனக்கும் வந்தே தீரும் என்பதில்லை. மனம் தாழ்ந்திருக்கும்போது நினைவும் கெட்டதையே தேடி எடுத்து வருமாம்.

"அம்மாவைப் பத்தி நல்லதா ஒன்னு சொல்லுங்க."

யோசித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். வரவில்லை.

அடுத்த செவ்வாய் வ.வையும் அழைத்து வர வேண்டும். அம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று அவளிடம் தனியாகக் கேட்பாராம். எனக்கு எந்த மருந்து என்பது அதற்குப் பிறகு.

மெல்லிசு, அடி, எல்லாம் சரி. அடித்தது யார்? அதை அவர் கேட்கவில்லை.

11.11, ஞாயிறு

வெயில். கம்பளி காயப்போட்டேன். வ. வாசலில் தலை சீவிக்கொண்டிருந்தாள். அந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

எனக்கு ஏழு வயது அப்போது. பெரட்டில், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும்போது, கங்காணி அம்மாவிடம் சொன்னான்: "ஒனக்கு இன்னைக்குப் பேர் கிடையாது." பிந்தி வந்ததற்கு அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். நான் அம்மாவின் பேரையே பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். வீட்டில் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அம்மா என்றேன். அஞ்சலை என்று பேர் சொல்லியும் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை.

வ. சீப்பிலிருந்த முடியை உருவினாள். "அன்னைக்கா? அம்மா வேலைக்குப் போகலலா. ஜாலியா இருந்துச்சு. எனக்கு ரெட்டைச் சடை பின்னிச்சு. சீனி போட்டு ரொட்டி சுட்டுக் கொடுத்துச்சு."

"சுவத்தைப் பாத்து உக்காந்துச்சுடி."

"அந்தப் பக்கம் வெயில் வந்திருக்கும்."

"ஒனக்கு எதுவுமே வலிக்காதா?"

"நீதான் எல்லாத்தையும் மொத்தமா அள்ளிக்கிறியேக்கா. எனக்கு எங்க மிச்சம்?" சிரித்தாள்.

ரெட்டைச் சடை. எனக்குப் பின்னவில்லை. அம்மாவின் கை அவள் பங்கு, முதுகு என் பங்கு. அவள் சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மா அவளுக்கு மட்டும் நன்றாக இருந்திருக்கிறாள். அதைத் தாங்க என்னால் முடியாது.

செவ்வாய் வருகிறாளாம். சினிமாவுக்கு வருவது போலச் சொன்னாள்.

13.11, செவ்வாய்

மூடுபனி. பஸ் ஊர்ந்தது. வ. என் தோளில் தூங்கினாள். தலையை நகர்த்திவிடலாம் என்று நினைத்தேன், நகர்த்தவில்லை.

போன வாரம் டாக்டர் எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். அவளுக்கு அரை மணி. அதற்கும் பொறாமை. எழுதக் கேவலமாக இருக்கிறது.

வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கழுவியும் கண் சிவப்பு. அம்மா செத்த சேதி வந்த அன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

டாக்டர் என்னிடம்: "மருந்து ஆரம்பிக்கலாம். ரெண்டு மூனு வாரம் பொறுக்கணும்." தங்கை என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அதை அவங்கதான் உங்களுக்குச் சொல்லணும்."

பஸ் நிலையத்து மாமாக் டீக்கடையில் இரண்டு கிளாஸ் தே. அவள் தொடவில்லை. அம்மா அன்றைக்குப் பின்னி விட்டாளா இல்லையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. கடைக்காரர்: "தங்கச்சி, பஸ் கெளம்புதுலா."

இப்போது வீடு. மருந்துச் சீசா அலமாரியில். எதிரே வ. அரிசி களைகிறாள். பாட்டு இல்லை. வந்ததிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டேன். இப்போது நான்காவது முறை:

"முன்ன பின்ன தெரியாத டாக்டர்கிட்ட அழத் தெரியுது. எங்கிட்ட ஏன் தெரியல? என்னடி பாத்தே அன்னைக்கு? சொல்லு."