அப்பாவின் கண்ணுக்குக் கண்ணாடி போதாது

அன்புள்ள சின்னவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். என் உடம்பு பரவாயில்லை. அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பக்கத்து அறையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

வெயில் காலத்தில் அப்பா கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க ஆரம்பித்தார் என்று சொன்னேன் அல்லவா. அவருக்குத் தூரப்பார்வை, தெருமுனையில் வரும் பஸ்ஸின் நம்பரைச் சொல்லிவிடுவார், கையிலிருக்கும் மாத்திரை அட்டையைப் படிக்க முடியாது. அப்படிப்பட்டவர் என் தையல் மெஷின் ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்துக் கொடுத்து, "எனக்கு இளமை திரும்புது, நீதான் கிழவியாயிட்ட" என்று கேலி செய்தார். நானும் பூரித்துப்போய் அக்கம்பக்கமெல்லாம் சொன்னேன்.

தூரம் மங்கியதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேனைப் பல வருடமாக ஒரே தடத்தில் ஓட்டுகிறவர், வளைவு, வேகத்தடை, பிள்ளைகள் நிற்கும் வாசல் எல்லாம் மனப்பாடம், அந்த மனப்பாடத்தில்தான் ஓட்டியிருக்கிறார். போன மாதம் தண்ணீர்க் குழாய்க்காக மருந்துக்கடை முன்னால் பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்தார்கள். முந்தின நாள் இல்லாத தடுப்பு, அவர் கண்ணில் படவே இல்லை. வேனில் கூடவே போகும் ஆயாம்மா "அண்ணே பள்ளம், பள்ளம்" என்று கத்தியதில்தான் பிரேக் போட்டார், தடுப்பைச் சாய்த்துக்கொண்டு முன் சக்கரம் விளிம்பில் நின்றது. பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னது ஆயாம்மாதான்.

அதற்குப் பிறகுதான் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். ஒரு பூதக்கண்ணாடியைச் சுவருக்கு முன் பிடித்தார், எதிர் ஜன்னலின் பிம்பம் கம்பியோடு தெளிவாகச் சுவரில் விழுந்தது, கொஞ்சம் நகர்த்தியதும் கலங்கியது. "வெளிச்சம் கண்ணுக்குள்ள இருக்கிற திரை மேல சரியா குவியணும். உங்களுக்குத் திரைக்குப் பின்னால குவியற மாதிரி இருந்துது, அது தூரப்பார்வை. சர்க்கரை ஏறி கண்ணு லென்ஸ் உப்பினதால இப்ப முன்னாடியே குவியுது, அது கிட்டப்பார்வை. அதான் பேப்பர் தெரிஞ்சுது. குணமாயிடுச்சுன்னு நினைச்சீங்க, அதுதான் நோயே" என்றார். அப்பா விடாமல், "அப்ப வேற கண்ணாடி எழுதிக் கொடுங்கம்மா" என்றார். "கண்ணாடி வெளிச்சத்தத் திரையில கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். ரெண்டு கண்ணுலயும் திரையே சர்க்கரையால அங்கங்க செத்துப்போயிருக்கே ஐயா" என்றார் டாக்டரம்மா.

இந்த நேரத்தில்தான் நீ போனில், "கவலப்படாதீங்கப்பா, கிட்டப்பார்வைய இங்க லேசர்ல சட்டுனு சரிபண்ணிடுவாங்க, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். நீ சொன்ன லேசர் கண்ணின் முன்பக்கத்தைச் செதுக்குவது. டாக்டரம்மா அப்பாவுக்குச் சொல்லியிருப்பது பின்னால் திரையில் போடுவது, அது மிச்சத்தைக் காப்பாற்றத்தான், போனதைக் கொண்டுவராது. அவர் உன் லேசரைப் பிடித்துக்கொண்டார். வேன் முதலாளியிடம் சாதாரணக் கிட்டப்பார்வை என்று சொல்லி, விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வண்டி எடுக்கச் சம்மதம் வாங்கிவிட்டார். நான் முதலாளியைப் பார்த்துத் தடுக்கச் சொன்னேன். "உங்க பொண்ணே சரியாயிடும்னு சொல்லிச்சாமே அண்ணி" என்கிறார். வேன் சாவியை ஒளித்துப் பார்த்தேன். "என்னை மூலையில உட்காரவச்சு சோறு போடப் போறியா" என்று கேட்டார், எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பள்ளி திறப்பதற்குள் நீதான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். "நான் சொன்னது வேறு லேசர், இனி வேன் வேண்டாம்" என்று சுற்றிவளைக்காமல் சொல். முதலாளியிடமும் சொல். என் பேச்சு அவர்களிடம் எடுபடவில்லை, உன் பேச்சு எடுபடும். அதற்கப்புறம் அப்பா என்ன ஆவாரோ தெரியவில்லை. எல்லாம் சரியாகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நல்லபடியாக வாழ வேண்டும். நீயும் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்துக்கொள், தள்ளிப்போடாதே. போனில் அப்பா உடைந்துபோனால் நீ சமாதானம் சொல்லாதே, மனசு தாங்காமல் மறுபடி ஏதாவது நம்பிக்கை கொடுத்துவிடுவாய். போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

உன் அம்மா