வெள்ளை சோபாவும் அப்பாவின் முழங்காலும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்கிறீர்களா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சுகமாக இருப்பவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே பேனாவைத் தூக்கமாட்டாள். போனில் பேசினால் கத்திவிடுவேன், நீ அழுவாய், பக்கத்திலிருந்து அப்பா கேட்டுவிடுவார். அதனால்தான் கடிதம்.

எல்லாம் நீ எங்கள் கல்யாண நாளுக்கு அனுப்பிய சோபாவைப் பற்றித்தான். நீ அங்கிருந்தபடியே ஏற்பாடு செய்த அலங்காரக்காரப் பெண் வந்தாள், கூடத்தை நாலு பக்கமும் படம் பிடித்தாள், இருக்கிற மரச்சாமான் எல்லாம் கண்ணை உறுத்துகிறது என்றாள். "இப்பல்லாம் எல்லாமே தாழ்வாதாம்மா, அப்பதான் ஹால் பெருசாத் தெரியும்" என்றாள். பெரிதாகத் தெரிந்து என்ன செய்ய, நானும் அப்பாவும் பந்தா விளையாடப் போகிறோம்? சுவருக்குச் சாம்பல் பூசினாள், அதில் படமே இல்லாத சட்டங்களை மாட்டினாள். உள்ளே என்ன வைக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் வைக்கக்கூடாதும்மா, அதான் ஸ்டைல்" என்று எனக்குப் பாடம் நடத்தினாள். அப்பாவின் கைவைத்த நாற்காலியை அவள் ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. மகள் அனுப்பியது என்று ஒரே பெருமை. வருகிறவர்களை எல்லாம் அந்த வெள்ளை சோபாவில் உட்காரவைத்து அழகு பார்த்தார். அவர் மட்டும் உட்காரமாட்டார், வேட்டி அழுக்கு ஒட்டிவிடுமாம்.

போன செவ்வாய்க்கிழமை நான் மருந்துக்கடை வேலைக்குப் போனபிறகு நீ வீடியோவில் கூப்பிட்டாயே, "அப்பா, நீங்க உக்காந்து நான் பாக்கவே இல்லையே" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? உட்கார்ந்து காட்டினார், நீயும் சிரித்துவிட்டு போனை வைத்தாய். அதற்குப் பிறகு அவரால் எழுந்திருக்க முடியவில்லை, சின்னு. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி, கிளச்சை மிதித்தே தேய்ந்த முழங்கால். முட்டி நெஞ்சுக்கு வருகிற அளவுக்குத் தாழ்வான சோபா, பிடித்து எழ ஒரு கைகூடக் கிடையாது. மதியம் நான் வந்து மணி அடித்துப் பார்த்து, என் சாவியால் திறந்து உள்ளே போனால், மனுஷர் அதே இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சோபா நனைந்திருந்தது. போன் கையில்தான் இருந்தது, என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், "கடையில கூட்டமா இருக்கும்னு நெனச்சேன்" என்கிறார். என்மேல் சாய்த்துத் தூக்கி, துடைத்து, வேறு வேட்டி கட்டிவிட்டேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். தன் அம்மா போனபோதுகூட அந்த ஆள் அப்படி அழவில்லை. "புள்ளைக்குச் சொல்லிராத, ஆசையா அனுப்புனது" என்று அதிலேயும் உனக்காகத்தான் பேசினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அதுக்குத் தனியா ஒரு கவர் இருக்கும்மா, தண்ணியே ஒட்டாது." எழ முடியாத மனுஷனுக்கு உறை விற்கிறாள்! அடுத்த வருஷம் எல்லாமே உயரம்தான் அழகு என்று இதே வாயால் சொல்வாள், நம் வீட்டை மறுபடியும் காலி செய்வாள். ஏன் சின்னு, இந்த வீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நிறம் கேட்டாய், ஜன்னல் அகலம் கேட்டாய், அப்பாவின் முழங்காலைக் கேட்டாயா?

சோபாவை மாடியில் குடியிருக்கும் நர்சிங் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன், அதில் புரண்டுகொண்டு கிடக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும். மறுநாளே அப்பாவை அழைத்துக்கொண்டு நாற்காலி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். அவர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்து பார்க்க, கடைக்காரருக்கே மூச்சு வாங்கியது. கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். சிவப்பு வெல்வெட், தங்கப்பூச்சு, கை இரண்டிலும் சிங்கத்தலை. நாடகக் கொட்டகை ராஜா உட்காருகிற மாதிரி ஒரு கண்றாவி. வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அவர் சிங்கத்தின் தலையில் கையை ஊன்றி விருட்டென்று எழுந்து நின்றார், மறுபடியும் உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். "பாத்தியா, யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எங்கள் ஆசீர்வாதம் உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு, கோபம் தனி, அது தனி. நான் எழுதியதை அப்பாவிடம் மூச்சுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை உனக்கு அந்த நாற்காலியைக் காட்டப் போகிறார், இன்றைக்கே துடைக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துவைக்காதே. ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்.

இன்னும் ஆறாத கோபத்துடன்,
உன் அம்மா