பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்

லண்டன், ஆனி 2009

என்னவருக்கு,

போர் முடிந்து ஒரு மாதமாகியும், நீங்கள் எந்த முகாமில் இருக்கிறீர்கள் என்று தெரியாமலே எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்தில் புல்லின் வேர்களைப் பேனை மையும் வினிகரும் கலந்து காய்ச்சுகிறேன். வேருக்குள் வாழும் பூஞ்சை நீலமாகத் தெரியும். எட்டாத இடத்து ஈரத்தை அது புல்லுக்குக் கொண்டுவரும்; புல் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். செம்மறிகள் ஒட்ட மேய்ந்துவிட்டால் கொடுக்கப் புல்லிடம் ஒன்றுமிராது. பூஞ்சை மெல்ல மெல்லக் குறைந்துபோகும்.

நேற்று டூட்டிங்கில் கடைக்கார நிருஜன் அண்ணையிடம், உங்கள் பெயரைக் கொடுத்து விசாரிக்கட்டோ என்று கேட்டேன்.

“வேண்டாம் தங்கச்சி. தேடப்போய் நாங்களே ஆளை ஆமிக்குக் காட்டிக் குடுத்ததாப் போயிடும்” என்றார்.

அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். செம்மறிகள் மேய்ந்து மொட்டையாய்க் கிடந்த ஒரு மூலையைக் காட்டி, இங்கே பூஞ்சை இன்னும் உயிரோடிருக்குமா என்று பேராசிரியர் கேட்டார். பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

“அப்படியென்றால் பிடுங்குங்கள்” என்றார்.

பிடுங்கினால் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் புல் இராது. மண்வெட்டியோடு நெடுநேரம் நின்றேன். எனக்குக் கை வரவில்லை. கடைசியில் அவரே பிடுங்கினார்.

இந்தக் கடிதத்தில் எங்கும் உங்கள் பெயரை எழுதவில்லை. கோபிக்காதீர்கள்.

உங்களுக்குத் தெரியும்,
நான்தான்.