தூங்காத பயில்வானும் கைநழுவிய கடாவும்

அன்பு மகன் கியானூஷுக்கு அம்மா எழுதுவது. இறைவன் கருணையில் நானும் அப்பாவும் நலம், நெல் அறுப்பும் மழைக்கு முன்னே முடிந்தது, நீயும் சுகமாக இருக்க வேண்டும். உன் தம்பி மாசியாரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, தொடைத் தசை கிழிந்து நொண்டிக்கொண்டிருக்கிறான். அந்தப் பெருமை முழுக்க, மெல்பர்னில் இருந்துகொண்டு போனில் உடற்பயிற்சி வகுப்பெடுக்கும் உன்னையே சேரும்.

"தூங்குறவன் தோக்குறவன்டா" என்று அவனுக்கு ஓதினாயே, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான் அந்த மடையன். பகலெல்லாம் வயலில் அறுப்பு, பொழுது சாய்ந்தால் நீ வாங்கச் சொன்ன பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டு விடிய விடியக் கொட்டகையில் தண்டால். இந்த வருஷம் லோச்சோ மல்யுத்தத்தில் பரிசு ஆட்டுக்கடா நம் வீட்டுக்குத்தான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் வேறு. கண் குழி விழுந்தது, சட்டை தொளதொளத்தது. என்னடா கரைந்து போகிறாய் என்று கேட்டால், "கொழுப்புதாம்மா கரையுது, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தான். வாயில் இருப்பதைத் தவிர அவனிடம் எங்கேயடா கொழுப்பு இருந்தது?

போட்டியன்று களத்தில் எதிரே வந்தது ரொட்டிக்கடை எஸ்கந்தர். மத்தியானமானால் கடை வாசலிலேயே குறட்டை விட்டு உறங்குவானே, நீகூட எருமை என்று கேலி செய்வாயே, அவனேதான். நம் லோச்சோவில் பாதத்தைத் தவிர எது மண்ணில் பட்டாலும் தோல்விதானே. எஸ்கந்தர் இவனைத் தொடக்கூட இல்லை. இவன் பாய்ந்தான், தொடை வெட்டி இழுத்தது, தொலைந்த பொத்தானைத் தேடுகிறவன் போல இரண்டு கையையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு கிடந்தான். ஊரே சிரித்தது. எஸ்கந்தர் கடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு களத்தைச் சுற்றி வந்தபோது அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

டாக்டர் நவாபி தலையில் அடித்துக்கொண்டார். "பயிற்சியில தசை நைஞ்சுதான்மா போகும், தூங்குறப்பதான் அது தன்னைச் சரி பண்ணிக்கும். தூங்க விடலேன்னா உடம்பு தன் தசையையே தின்ன ஆரம்பிச்சுடும்" என்றார். இனியாவது ஒழுங்காகத் தூங்கினால் தசை கூடுமாம், இல்லையென்றால் களத்தை மறந்துவிட வேண்டியதுதானாம். நம் துரை கேட்கிறானா? "காலுக்குத்தானே அடி, கை நல்லாத்தானே இருக்கு, அண்ணன் சொல்லட்டும் நிறுத்துறேன்" என்று இப்போதும் ராத்திரியில் படுக்க மறுத்து இரும்பைத் தூக்குகிறான். பெற்றவள் பேச்சு அவனுக்குக் காற்று.

அப்படி என்னதான் போதிக்கிறாய் என்று நேற்று உன் வீடியோவைப் போட்டேன். உன் குரல் கேட்கச் சகிக்காமல் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, புஜம் சூம்பி, கண் சொருக, விழுந்துவிடாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். நீயும் தூங்குவதில்லை. இத்தனை நாள் உன்னை, தான் மட்டும் நன்றாகத் தூங்கிக்கொண்டு ஊருக்கு உபதேசிக்கும் புரட்டன் என்று நினைத்திருந்தேன், அப்படியே இருந்திருக்கக் கூடாதா, நீயும் முட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் கண் நிறையத் தூக்கமும் தரட்டும். திட்டியதில் ஒரு வார்த்தையும் திரும்ப வாங்க மாட்டேன். கடிதம் கிடைத்ததும் தம்பியைக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்புடா, நான் படுக்கப் போறேன், நீயும் படு" என்று சொல். சொல்லிவிட்டு நிஜமாகவே படுத்துக்கொள்.

உன் அம்மா,
தாஹெரே