கரடிக்கு வசனம் கிடையாது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா முழுவதும் நலம், நான் கழுத்துக்கு மேலும் நலம் கீழும் நலம், நடுவில்தான் கொஞ்சம் கோளாறு. அங்கே உன் உடம்பும் உன் வேலையும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அப்பா எடுத்து, அம்மா பேச மாட்டா என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டாராம், நீ நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அம்மாகிட்ட சாரி சொல்லிடுங்க, சாரி சொல்லிடுங்க என்று அவரிடமே படித்துப் படித்துச் சொன்னாயாம். எதற்கு சாரி என்று உனக்கும் தெரியாது, வாங்கிக்கொண்ட எனக்கும் தெரியாது. கோபமெல்லாம் இல்லை கண்ணா, தொண்டை போய்விட்டது. ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, ரகசியம் பேசுவதுபோலக் கூடப் பேசக் கூடாது என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் உன் அப்பா அவருக்கு எழுந்து நின்று கைகொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு, நம்ம வீட்ல கடிகாரம் ஓடுற சத்தம் இப்பத்தான் சார் எனக்கே கேக்குது என்றாராம். வாய் திறக்க முடியாததால் இதையெல்லாம் சகித்துக்கொண்டு, ஆத்திரத்தைப் பேனாவில் ஊற்றி உனக்கு எழுதுகிறேன்.

தொண்டை போன கதையை அப்பா தன் பாணியில் உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நம் தெருமுனையில் இருக்கிற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஒரு நாள் வீடு தேடி வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளுவதும் கிள்ளுவதுமாக இருக்கிறார்கள், புத்திமதி சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள், அன்பைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன், ஆண்டு விழாவில் போடலாம், நீங்கள்தான் பேசச் சொல்லித்தர வேண்டும் என்றார். அப்பா உள்ளே சோபாவில் படுத்தபடி, அன்பைப் பத்தி இவளா என்று சிரித்த சிரிப்பில் அந்த அம்மாளே ஒரு நிமிடம் யோசித்திருப்பார். அப்பா சிரித்ததிலும் தப்பில்லை. காய்கறிக்காரர் என்னோடு பேரம் பேசாமல் நான் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது உனக்குத் தெரியும். ஆனால் எனக்கு வீம்பு வந்துவிட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லியே தலை நரைத்தவள் நான், எனக்கா பேசச் சொல்லித்தரத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

சொல்லியும் கொடுத்தேன். நாடகம் சின்னதுதான். காட்டில் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கிற முயலைக் கரடி தள்ளிவிடும், முயல் விழுந்து அழும், மற்ற மிருகங்கள் கரடியோடு பேசாமல் ஒதுங்கிப் போகும், கடைசியில் கரடி திருந்தி, என்னை மன்னித்துவிடு முயலே, இனி நான் அன்பாக நடந்துகொள்வேன் என்று சொல்லும். வகுப்பிலேயே பெரிய உருவம் ஒருவன், கடைசி பெஞ்சுக்காரன், அவன்தான் கரடி. வகுப்பிலேயே சின்ன உருவம் ஒரு பெண், அதுதான் முயல். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடு, நிமிர்ந்து நில், முகத்தில் ஒன்றும் காட்டாதே, ஒவ்வொரு சொல்லும் பின்சுவரில் போய் இடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் கொட்டினேன். கரடி அந்த வசனத்தைச் சொன்னால் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற ஆட்டோக்காரருக்குக் கேட்கும். பக்கத்தில் நின்ற மற்ற பிள்ளைகளும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் மதிய இடைவேளையில் சீக்கிரமே போய்விட்டேன். தண்ணீர்க் குழாயடியில் முயல் மூடி தொலைந்த தன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தது. ஒருத்தி வந்து இடித்தாள், பாட்டில் கவிழ்ந்து சட்டை நனைந்தது. இடித்தவள் கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, என்னை மன்னித்துவிடு முயலே, இனி நான் அன்பாக நடந்துகொள்வேன் என்று கணீரென்று சொன்னாள். அடுத்தவன் வந்தான், தள்ளினான், நிமிர்ந்தான், மன்னிப்புக் கேட்டான். கரடியும் தன் பங்குக்கு வந்தான். தள்ளுவது, மன்னிப்புக் கேட்பது, மறுபடி தள்ளுவது என்று வரிசையாக நடக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த இடைவெளி, நான் சொல்லிக்கொடுத்த ஏற்ற இறக்கம், ஒரு பிசிறு இல்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு டீச்சர், பாருங்க மேடம், நாடகம் ஆரம்பிச்சதுலேர்ந்து பிள்ளைங்களுக்கு என்ன பணிவு என்று பூரித்துப் போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் ஒரு வகுப்பு நிறையப் பிடித்து வைத்திருந்தேன்.

யார் குரல் அது என்று எனக்குத் தெரியாதா? வேலை பார்த்த காலம் முழுவதும் தாமதத்திற்கு வருந்துகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னேன், ஒரு நாளாவது வருந்தியிருப்பேனா? டீ ஆறிப்போகிறதே என்று வேண்டுமானால் வருந்தியிருப்பேன். அதே மன்னிப்பைத்தான் அந்தப் பிஞ்சுகளின் வாயில் அச்சுப் பிசகாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் முயல் வரவில்லை. அதன் அம்மா வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், அரை மணி நேரம் அனுமதி கேட்டு ஓடிவந்திருந்தாள். தினம் நனைஞ்ச சட்டையோட வர்றா மேடம், யாரு பண்ணாங்கன்னு கேட்டா, எல்லாரும்தான் மன்னிப்பு கேட்டுட்டாங்களேம்மான்னு சொல்லிட்டு அழறா, எனக்கு உங்க நாடகமும் வேணாம், இந்தப் பள்ளிக்கூடமும் வேணாம், வேற எடம் பாத்துக்கறேன் என்றாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நேரே வகுப்புக்குப் போய், அன்பா இருங்கன்னுதானே சொல்லிக்குடுத்தேன், அறிவிருக்கா உங்களுக்கெல்லாம் என்று கூரை அதிரக் கத்தினேன். அன்பைப் பற்றி நான் அந்த வகுப்பில் நடத்திய பாடங்களிலேயே சத்தமானது அதுதான். முழு வகுப்பும் எழுந்து நிமிர்ந்து நின்று, எங்களை மன்னித்துவிடுங்கள் மிஸ், இனி நாங்கள் அன்பாக நடந்துகொள்வோம் என்று ஒரே குரலில் பின்சுவரில் இடித்தது. இன்னும் ஏதோ கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தொண்டை போன கதை இதுதான். அடி என்னமோ எனக்குத்தான், ஆனால் நியாயமான அடி.

டாக்டரைப் பார்த்துவிட்டு மறுநாளே பள்ளிக்குப் போனேன், அப்பா வேண்டாம் என்று தடுத்ததையும் கேட்காமல். வாய் இல்லாதவள் என்ன செய்ய, கரும்பலகையில் கரடிக்கு வசனம் கிடையாது என்று எழுதினேன். அப்ப நான் என்ன மிஸ் பண்றது என்று கேட்டான் கரடி. உதட்டைப் பிதுக்கினேன். சத்தியமாக எனக்கும் தெரியவில்லை. முயல் இல்லையே, அதனால் காகிதக் காதுகளை நானே மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். இந்த உடம்புக்கு அந்தக் காதுகளை நீ பார்த்திருக்க வேண்டும். கரடி தள்ளினான். விழுவதுபோல் நடிக்கலாம் என்று நினைத்தேன், முட்டி நடிக்கவில்லை, தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. வகுப்பே சிரித்தது. கரடி பழக்கத்தில் கைகளை ஒட்டி நிமிர்ந்து வாயைத் திறந்தான், சொல்ல ஒன்றும் இல்லை. திறந்த வாயோடு என்னைப் பார்த்தான். அப்புறம் கிட்டே வந்து குனிந்து, வலிக்குதா மிஸ் என்றான். முன்பெஞ்சுக்குக் கூடக் கேட்டிருக்காது. நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றுக்கும் நேர் எதிரான குரல். அவன் கை கொடுத்து இழுத்தும் நான் அசையாததால், இன்னும் நாலு பேர் சேர்ந்து சாக்குமூட்டையைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் கரடியைக் கூட்டிக்கொண்டு முயலின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க எத்தனை அழகான வாக்கியங்கள் என்னிடம் இருந்தன தெரியுமா, ஒன்றும் உதவவில்லை. அதன் அம்மா எதிரில் ஊமைபோல் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன், அவள் பாவம் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கரடி வாசலிலேயே நின்று, பைக்குள் கைவிட்டு ஒரு மூடியை எடுத்து நீட்டினான். முயலின் பாட்டில் மூடி. இத்தனை நாளும் அவன்தான் ஒளித்து வைத்திருந்திருக்கிறான். முயல் வாங்கி, பாட்டிலில் திருகிப் பார்த்து, கவிழ்த்து ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வர்றேன், ஆனா தொடாம தள்ளணும் என்றது.

நேற்றுதான் ஆண்டு விழா. எனக்கு வாய் இல்லாததால் திரைக் கயிற்றைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கரடி தொடாமல் தள்ளினான், முயல் அழகாக விழுந்தது, ஆனால் எழும்போது பஞ்சு வால் அவிழ்ந்து தரையில் விழுந்துவிட்டது. அரங்கமே சிரித்தது. முயல் பின்பக்கம் கையை வைத்து மறைத்தபடி அப்படியே நின்றுவிட்டது, உதடு துடிக்கிறது, அதன் அம்மா இரண்டாவது வரிசையில் பாதி எழுந்துவிட்டாள். ஒத்திகையில் இது கிடையாது. கரடி வாலை எடுத்தான். கையுறையோடு முடிச்சுப் போட வரவில்லை, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினான், சபைக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தான். முடிச்சு அவிழ்கிறது, மறுபடி கட்டுகிறான், மறுபடி அவிழ்கிறது. சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தலைமையாசிரியை எதிர்ப்பக்கத்திலிருந்து, திரையை இழுங்க, இழுங்க என்று எனக்குக் கையைக் காட்டுகிறார். நான் கயிற்றைக் காலடியில் போட்டு அதன்மேல் நின்றுகொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கி அரங்கத்தில் சத்தமே இல்லை. முயல் தலையைத் திருப்பி, இறுக்கிக் கட்டு என்றது. கட்டி முடிக்கும் வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அந்தத் தாமதத்துக்கு நான் கொஞ்சம்கூட வருந்தவில்லை.

உடனே எல்லோரும் தங்கமாகிவிட்டார்கள் என்று நினைக்காதே. இன்று காலை குழாயடியில் கரடி மறுபடி வரிசையில் புகுந்தானாம், முயல் அவனைப் பிடித்துத் தள்ளியதாம், அவன் ஒன்றும் பேசாமல் கடைசியில் போய் நின்றானாம். தலைமையாசிரியை வந்து சொன்னார். அடுத்த வருடமும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்றார், அப்பா சோபாவிலிருந்து இந்த முறை சிரிக்கவில்லை, குரல் வராம இருந்தா அனுப்புறேன் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்காதே, முதுகுவலி என்றாயே, நாற்காலியை மாற்று. நீ நல்லபடியாக, நாலு பேருக்கு வேண்டியவனாக, நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். சாரிம்மா, இந்த வருஷமும் லீவு கெடைக்கல என்று நீ சொல்லும்போது ஒரு பிசிறு இருக்காது, அசல் என் குரல், என் பிள்ளை வேறு எப்படிப் பேசும் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டு போனை வைத்துவிடுவேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன், அது உனக்குத் தெரியாது. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது கண்ணா. ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான் பேச முடியாது, நீ பேசு, கேட்டுக்கொண்டிருப்பேன். சாரி மட்டும் வேண்டாம். எவ்வளவு தாமதமானாலும் பரவாயில்லை, வந்து சேர்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா