பாலாற்றில் கை காட்டியவர்

அன்புள்ள ஜெனிஃபருக்கு, மைசூரிலிருந்து மாமா எழுதுவது.

நீ செய்த பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு சி.டி.யாகக் கடைக்கு வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். தொட்டிலில் நீ கையை ஆட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. கடைக்கார மஞ்சுநாத்திடம், "கதை என்னுதுப்பா" என்றேன். "அங்கிள், நீங்க ஏழாவது ஃபெயில் ஆச்சே" என்கிறான்.

ஆனால் கதை என்னுடையதுதானே. முடிவு கிடைக்காமல் நீ திண்டாடியபோது நான்தான் சொன்னேன்: லாரியோடு போய்த் திரும்பாத உன் அப்பா, பாலாறு செக்போஸ்ட்டில் வெள்ளைச் சட்டையோடு நின்று நான் போன பஸ்ஸுக்குக் கை காட்டினார், நிறுத்துவதற்குள் காட்டுக்குள் மறைந்துவிட்டார் என்று. நீ அதையே முடிவாக வைத்தாய். வண்டியை நிறுத்தினால் அவர் ஏறிக்கொள்கிறார், ஆட்டம் ஜெயம்.

நீ அனுப்பிய கம்ப்யூட்டரில் உன் அம்மா தினமும் விளையாடுகிறாள். அவர் ஏறியபின் அணைக்கப் போனால், "இருடா, இப்பதான் உட்கார்ந்திருக்கார்" என்று கையைத் தட்டிவிடுகிறாள். நேற்று அவருடைய சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை பாலாறு போலாம். நீ பார்த்த இடத்தைக் காட்டு" என்றாள்.

அதற்குள் நீ வந்துவிடு, ஜெனி. நீயே அவளிடம் சொல். நான் பாலாறு பக்கமே போனதில்லை.

உன் தாய்மாமன்